நிவாரண முள்

கிளையை ஒடித்து மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு, "நீதானா? இங்கயும் வந்திட்டியா?" என்று கேட்டாள் கண்ணகை. பற்றை வாய் திறக்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முள்ளைக் கண்டால் நாலு வார்த்தை ஏசாமல் அவளால் தாண்டிப் போக முடியாது. மாங்கேணிக்கு வடக்கே, பெருந்தெரு மதகுக்குப் பக்கத்தில், போன மாரிக்கு முளைத்து நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிட்ட பற்றை அது. இலையை உருவி எறிந்துவிட்டுத் தண்டைப் பார்த்தாள். கணுவுக்குக் கணு இரண்டிரண்டு முள், ஊசி மாதிரி நேராக. அதற்குமேல் அவளுக்கு வேறு சாட்சி தேவையில்லை. கத்தி முனையால் மண்ணைக் கிளறி, தண்டும் வேரும் சேருகிற கழுத்தைத் தேடிப் பிடித்து, அதற்குக் கீழே ஓங்கி ஒரு வெட்டுப் போட்டாள். கழுத்துக்கு மேலே வெட்டினால் ஒன்று நாலாகக் கிளம்பி வரும். "மனிசன் எங்க வெட்டினாலும் சாவான். இவன் சாவானா, நாசமறுவான்" என்று சொல்லிக் கிளையை மதகுக்குள் எறிந்தாள்.

ஆள் பார்வைக்கு ஒரு பிடிதான். நாற்பத்தெட்டு வயது. முள் வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வாள். கடல் பொங்கி ஊருக்குள் வந்த கையோடு நிவாரண மூட்டையில் கிடைத்த வெளிநாட்டுப் பந்தாட்டச் சட்டை அது. முதுகில் பெரிதாக ஒன்பதாம் இலக்கம் இருக்கும். ஒரு கையில் கத்தி, மறு கையில் கவைக்கம்பு. முள்ளைக் கையால் தொடாமல் கவைக்கம்பால் தூக்கி, திருப்பி, மிதித்து வேலி அடைப்பதில் அந்தக் கரையில் அவளுக்கு நிகர் அவள்தான். கத்தரித் தோட்டத்துக்குக் காரை, மாட்டுக்குச் சூரை, ஆட்டுக்கு உடை என்று எந்த மிருகத்துக்கு எந்த முள் என்று பிரித்துச் சொல்லுவாள். யானைக்கு எது என்று கேட்டால், "யானைக்கு முள்ளுமில்ல, சட்டமுமில்ல" என்பாள்.

நாலு ஆடுகள் வைத்திருந்தாள். அவற்றுக்குப் பெயர் வைத்த கதையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். பிறகு வயிறு எரியும். பதிவு, சிபாரிசு, விசாரணை, மேலிடம். "மூண்டு வருசமாக் காணி கேட்டுக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினன். வேற ஒண்டும் தரல்ல. இந்தச் சொல்லுகளத்தான் தந்தானுகள். அத வீணாக்குவானேன்?" விசாரணை எப்போதும் பிந்தித்தான் வரும். மேலிடம் கிடாய்க்குட்டி, கூப்பிட்டால் திரும்பியும் பாராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் ஆடுகளைக் கட்டிப்போட்டுவிட்டுத் தனியாகத்தான் வந்திருந்தாள். பத்து மணிக்கு ஓர் அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கண்ணகையின் காணியில் கண்ணகை எப்போதாவது குடியிருந்தாளா என்று முடிவு செய்யத்தான் அவர் வருகிறார். அவளைக் கேட்டல்ல. அவளுடைய வளவில் நிற்கிற முட்பற்றையைப் பார்த்து. முள் சொல்வதை எழுதிக்கொண்டு போவார், காடென்று எழுதினால் மறுநாள் கொங்கிறீட் எல்லைக்கட்டைகள் ஏற்றிய உழவுயந்திரம் வரும். பிறகு அந்த வளவுக்குள் அவள் கால் வைத்தால் குற்றம். மனிதர் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போன நாட்டில் இதுவும் நடக்கத்தானே வேண்டும்.

கடலுக்கும் உப்பேரியான களப்புக்கும் நடுவே ஒரு மணல் நாடா. அதில் நாற்பத்தொரு வீடுகள் இருந்தன. நாவற்சேனை என்று பெயர். கண்ணகை பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். கடல் வந்த வருசம், அந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய புருசன் கனகசிங்கம் களப்புக் கரையில் வலைக்கு ஈயமணி கட்டிக்கொண்டிருந்தான். முன்பக்கத்தால் வந்த தண்ணீர் வீட்டை அள்ளிக்கொண்டு பின்பக்கத்தால் போய்க் களப்பில் விழுந்தது. மூன்றாம் நாள் அவனைக் கண்டெடுத்தார்கள். காணிக்கு அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரமான பேமிற் கிடந்த றங்குப்பெட்டியை இன்றுவரை யாரும் காணவில்லை.

அதற்குப் பிறகு மண்ணெல்லாம் உப்பு. முருங்கை கருகியது, கிணறு கரித்தது, வைத்த கன்று எதுவும் ஒரு கிழமை தாண்டவில்லை. அந்தக் காலத்தில்தான் ஒரு நிறுவனம் வீட்டுக்கு இரண்டு பெட்டை ஆடுகள் கொடுத்தது. ஓட்டமாவடி ஆட்டு வியாபாரி கச்சி முகம்மது, மன்னார்ப் பக்கத்தில் வாங்கி லொறியில் கொண்டுவந்து இறக்கினார். வழிநெடுக அவற்றுக்கு ஏதோ மஞ்சள் காய்தான் தீனி. ஆடுகள் வந்தன, படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். மாரி பெய்ததும் பட்டியோரப் புழுக்கைக் குவியலில் பச்சைப் பச்சையாக முளைத்து வந்தது.

கண்ணகை அதை உள்ளூர் உடை மரம் என்று நினைத்தாள். முள் வேலையிலேயே கை காய்த்துப் போனவள், பூ வரும்வரை பொறுத்துப் பாராமல் உடை என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் ஊரே நம்பும். உப்பு மண்ணில் ஓர் உயிர் பச்சையாக நிற்கிறதே என்ற சந்தோசம் அப்படிக் கண்ணை மறைத்துவிட்டது. குவியலில் இருந்து கன்றுகளைக் கிண்டி எடுத்து, வளவைச் சுற்றி முழத்துக்கு ஒன்றாக வரிசையில் நட்டாள். குளித்த தண்ணீரையும் அரிசி கழுவிய தண்ணீரையும் ஊற்றினாள். அவளைப் பார்த்து நாற்பது வீட்டாரும் நட்டார்கள். ஐந்து மாதத்தில் ஆள் உயரம் வந்தது. உடை ஒருநாளும் இந்த வேகத்தில் வளராது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறக்க ஒரு கிழமை முன்பு, வேலியை வெட்டி அரக்கினார்கள். நாவற்சேனையில் அது கட்டாயம். சடங்கு நாட்களில் அம்மன் ஊரைச் சுற்றி வருவா, வேலிக்கு மேலால் ஒவ்வொரு வளவுக்குள்ளும் பார்ப்பா, அவ எட்டிப் பார்க்க வேண்டி வரக்கூடாது என்று ஒரு நம்பிக்கை. அதனால் உயிர்வேலி எதுவானாலும் இடுப்பளவில் வெட்டிவிடுவார்கள். கண்ணகையும் தன் இடுப்பில் கத்திப் பிடியை வைத்து அளந்து அளந்து வெட்டினாள்.

ஆவணியில் சண்டை மூண்டு செல் விழத் தொடங்கியது. ஓடினார்கள். ஆடுகளின் கயிற்றை அறுத்துவிட்டு, தறப்பாளும் சட்டியுமாக ஊர் ஊராக ஓடினார்கள். அதை அவள் "ஓடின வருசம்" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் சொல்லமாட்டாள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து, பெருந்தெரு ஓரத்தில் தகரக் கொட்டில்களில் இருத்தினார்கள். களப்புப் பக்கம் பாதுகாப்புக் காரணத்துக்காகக் கம்பி அடித்திருந்தது. வடக்கே போர் முடிந்து இன்னும் ஒரு வருடம் போனபிறகுதான் கம்பியைக் கழற்றினார்கள்.

முதலாம் நாளே போனாள். ஊர் இருக்கவில்லை. கண்ணுக்கு எட்டியமட்டும் ஒரே முள். விட்டுவிட்டுப் போன ஆடுகள் காயைத் தின்று, புழுக்கையை இறைத்து, கடைசியில் தாங்களும் இல்லாமல் போயிருந்தன. தன் வளவு எதுவென்று பிறந்து வளர்ந்தவளுக்கே அன்று தெரியவில்லை, பல நாள் தேடித்தான் கண்டுபிடித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "நான் தண்ணி ஊத்தி வளத்த சனியன், என்னையே உள்ளுக்க விடமாட்டன் எண்டு நிக்கிது" என்று அன்று சொன்னதை இன்றும் சொல்லுவாள். ஊருக்குள் அந்தப் பற்றைக்கு நிவாரண முள் என்று பெயர் விழுந்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்த மாதம் பலகை நட்டார்கள். 'இயற்கை முட்காடு. உட்பிரவேசிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்.' வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து யாரோ ஒரு அறிக்கை எழுதியிருக்கிறார்கள். நாற்பது வருடங்களுக்கு மேலாக மனிதத் தலையீடு இல்லாத காடாம். கந்தோரில் ஓர் எழுதுவினைஞர் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினார். கண்ணகை முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் எந்தக் காட்டில மனே பிறந்தன்?" என்று மகன் வயதிலிருந்த அவரிடம் கேட்டாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றே ஒரு கிளையை வெட்டிக்கொண்டு ஓட்டமாவடிக்கு பஸ் ஏறினாள். கச்சி முகம்மது கிளையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது எங்கட பக்கத்து மரமில்ல புள்ள. மன்னார்ப் பக்கம் ரோட்டுக்கரை முழுக்க இதான். ஆட்டுட வயித்துக்குள்ள ஏறி, என்ட லொறியிலதான் வந்திரிக்கி." இவ்வளவும் அவருக்குத் தெரியும். கண்ணகைக்குத் தெரியும். நாற்பத்தொரு வீட்டு ஆட்களுக்கும் தெரியும். அறிக்கை எழுதியவருக்கு மட்டும் தெரியாது, அவர் எழுதியதுதான் செல்லும். இதற்குப் பெயர் விஞ்ஞானமாம்.

ஊர்ச் சங்கத் தலைவர் நல்லரத்தினம் கெட்ட மனிதரல்ல. களைத்துப்போன மனிதர். பெருந்தெரு ஓரத்தில் ஆளுக்கு இருபது பேர்ச் காணி தருகிறார்கள், களப்புக் காணியில் உரிமை இல்லை என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தால் போதும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். முப்பத்தெட்டு வீட்டார் வைத்துவிட்டார்கள்.

"கிடைக்கிறத எடுப்பம் தங்கச்சி. எத்தின நாளைக்குத் தகரத்துக்குள்ள வேகிற?"

"கிடைக்கிற எண்டா என்ன அண்ணன்? நான் பிச்சையா கேட்டன்? களப்ப விட்டுப்போட்டு இந்தத் தார் ரோட்டில எத வீசிப் பிடிக்கிற?"

"முள்ளு நிக்கிதே, அதுக்கென்ன சொல்லப்போறாய்?"

"முள்ளுதான் சொல்லப்போகுது. நீங்க ஆளக் கூட்டிக்கொண்டு மட்டும் வாங்க."

பலகை நட்டபிறகு மட்டும் மூன்று மனு, ஏழு நடை. அதன் விளைவுதான் இந்தச் செவ்வாய்க்கிழமை. பதினொன்றே காலுக்கு, கண்ணகை வளவோரத்தில் காத்து நின்ற இடத்துக்கு ஜீப் வந்தது. நல்லரத்தினம் முன்னால் இறங்கினார். பின்னால் இறங்கிய அதிகாரி நகரத்து இளைஞர். ஹெக்டர் என்று பெயர் சொன்னார். கையில் ஒரு வரைபடம், ஒரு படிவம். படிவத்தில் இரண்டு சதுரங்கள்: ஒன்று இயற்கைத் தாவரம், மற்றது முன்னைய குடியிருப்பு. பேனா மூடியைக் கழற்றிக்கொண்டேதான் இறங்கினார்.

"அம்மா, எனக்கு இன்னும் ரெண்டு இடம் பாக்கக் கிடக்கு. இது உடைக்காடு எண்டு தெரியுதுதானே. இதில புதுசா என்ன பாக்கிற?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சன் சேர். நான் படிக்காதவள், பிழை விட்டன். நீங்க என்னத்துக்கு விடுறீங்க?" என்று ஒரு பூங்கொத்தை ஒடித்து அவர் வரைபடத்தின் மேலேயே வைத்தாள். "உடைக்குப் பூ உருண்டை. இதப் பாருங்க, அணில் வால் மாதிரித் தொங்குது. உடங்காய் சுருண்டு கிடக்கும், இது பயித்தங்காய் மாதிரி நேர. வாயில போட்டுப் பாருங்க, இனிக்கும். இது இந்த மண்ணில இரிந்ததே இல்ல. மன்னாரில இரிந்து ஆட்டுட வயித்துக்குள்ள வந்தது, கடலுக்குப் பிறகு. அஞ்சு வருசம். நாப்பதெண்டு எழுதினது ஆர்?"

ஹெக்டர் காயை வாயில் போடவில்லை. ஆனால் பூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படித்த மனிதர்தானே, ஏதோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "சரி, இனம் வேற எண்டே வைப்பம். ஆடு தானாக் காட்டுக்குள்ள மேஞ்சிருக்கலாம். குடியிருந்ததுக்கு அது அத்தாட்சி இல்லையே அம்மா. பேமிற் இருக்கா?"

பேமிற் இருக்கா என்று கேட்டார். கடலிடம் போய்க் கேட்கச் சொல்லலாம். கண்ணகை சொல்லவில்லை. கவைக்கம்பை எடுத்தாள். முதல் வரிசைப் பற்றையின் கிளைகளை விலக்கி மிதித்து, உள்ளே தெரிந்த அடித்தண்டைக் கத்தி முனையால் தொட்டாள். கால்போலத் தடித்த ஒற்றைத் தண்டு மேலே வந்து, ஓரிடத்தில் மொட்டையாக நின்று, அந்த மொட்டையைச் சுற்றி ஐந்து கிளைகள் கிளம்பியிருந்தன.

"இது வெட்டின இடம். நான் வெட்டினது. கதவு திறக்க முதல், வைகாசியில."

"ஆரும் விறகுக்கு வெட்டியிருப்பாங்க."

"ஓம், வெட்டியிருப்பாங்க." அடுத்ததை விலக்கினாள். அதே உயரத்தில் மொட்டை. அதற்கடுத்தது. அதிலும் அதே உயரம். கண்ணகை நிமிர்ந்து நின்று, வெட்டுத் தழும்புக்குப் பக்கத்தில் போய்த் தன் இடுப்பை வைத்துக் காட்டினாள். "மரம் நுனியாலதான் வளரும் சேர். வெட்டின இடம் ஒசராது, எத்தின வருசம் போனாலும் வெட்டின மட்டத்திலேயே நிக்கும். அளந்து பாருங்க. விறகு வெட்ட வந்தவன் முழத்துக்கொரு மரமா, என்ட இடுப்புக்கு மட்டம் பாத்தா வெட்டினவன்?"

ஹெக்டர் அளவுநாடாவை எடுத்தார். ஒரு தண்டு, இரண்டு தண்டு. நல்லரத்தினம் மறு நுனியைப் பிடித்தார். ஏழாவது தண்டுக்குப் பிறகு ஹெக்டர் உயரத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டார். எல்லாம் ஒன்றுதான். கண்ணகை முன்னால் விலக்கிக்கொண்டே போனாள். முழங்கையிலிருந்து இரத்தம் வழிந்தது, அதைத் துடைக்கவும் அவளுக்கு நேரமில்லை. வரிசை நேராகப் போய், ஓரிடத்தில் சதுரமாக மடங்கி, களப்பை நோக்கித் திரும்பியது.

"ஒன்பது பாகம்" என்றாள் கண்ணகை, இரண்டு கையையும் அகல விரித்து ஒரு பாகம் காட்டி. "இனி மடங்கிப் போய் அங்கால பன்னிரண்டு. எந்தக் காடு சேர் மூலைமட்டம் வச்சு முளைக்கும்?"

"உள்ளுக்கயும் நிறைய நிக்குதே?" என்று கேட்டார் ஹெக்டர். குரல் முன்போல இல்லை.

"நிக்கிது. அதுகளப் பாருங்க, ஒத்தைத் தண்டு. ஒண்டுலயும் வெட்டில்ல. நாங்க ஓடினதுக்குப் பிறகு தானா முளைச்சது. வேலியில நிக்கிறது மொட்டை, உள்ளுக்க நிக்கிறது குமரி. ஆள் இரிந்த வருசமும் இதில இரிக்கி, ஆள் இல்லாத வருசமும் இதில இரிக்கி. உங்கட வானத்துப் படத்தில இது தெரியல்லையாக்கும்."

நல்லரத்தினம் சற்றுத் தள்ளிப் போய், தன் பழைய வளவு இருந்திருக்க வேண்டிய பக்கத்தில் ஒரு பற்றைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து வைத்த முப்பத்தெட்டில் அவருடையதும் ஒன்று. அவர் மொட்டைத் தண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்தும் நிமிரவில்லை.

ஹெக்டர் படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அம்மா, நான் எழுதலாம். ஆனா மேலிடத்தில கேப்பாங்க, வீடு எங்க எண்டு. ஒரு சுவரில்ல, ஒரு கல்லில்ல. நான் எதப் பாத்தன் எண்டு எழுதுற?"

கண்ணகை கத்தியை எடுத்தாள். பிறகு வரிசையில் ஒன்றரைப் பாகம் வெறுமையாக இருந்த இடத்துக்குப் போனாள். இரண்டு பக்கமும் மொட்டைத் தண்டு நிற்க, நடுவில் நட்ட அடையாளமே இல்லாத இடைவெளி. படலை இருந்த இடம். அதற்குள் சாய்ந்து கிடந்த ஒற்றைத் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுத்துக்குக் கீழே வெட்டி, கவையால் தூக்கி ஓரத்தில் போட்டாள். பத்துப் பதினைந்து நிமிடம் அந்த வேலைதான். உள்ளே ஒரு பாய் விரிக்குமளவு மணல் தெரிந்தது. மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் அதன் நடுவில் போய் நின்று, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு திரும்பினாள்.

"வாங்க" என்றாள்.

ஹெக்டர் படிவத்தைப் பிடித்தபடி படலைக்குள் ஒரு கால் வைத்தார்.

"சப்பாத்தக் கழட்டிப்போட்டு வாங்க மனே. இது வீடு."

அவர் கீழே பார்த்தார். மணலெல்லாம் உதிர்ந்த முள். அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் இரக்கத்துக்கோ கெஞ்சலுக்கோ இடமிருக்கவில்லை. பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டுக் குனிந்து, இடது சப்பாத்தின் நாடாவில் கை வைத்தார்.

கண்ணகை குந்தி உட்கார்ந்தாள். கத்தியையும் கவைக்கம்பையும் தள்ளி வைத்துவிட்டு, அவர் கால் வைக்கப்போகும் இடத்திலிருந்த முட்களை வெறுங்கையால் வழித்து ஒதுக்கத் தொடங்கினாள்.